பார் ஒன்று

தடைக்காலம் முடிய இன்னும் மூன்று இரவுகள்.
கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனியில்
இரண்டு மாதம் தூங்கிய கம்ப்ரசர்
இருமிக்கொண்டே எழுந்திருக்கிறது.
அம்மோனியா நெடிக்குக் கண் பழக
எனக்குக் கால்மணி நேரம்.
இருசப்பன் அதற்குள் நின்றபடி டீ குடிக்கிறான்.

பத்தாவது வரை ஒரே வகுப்பு நாங்கள்.
நான் துருவத்துக்குப் போனேன்,
அவன் இங்கே வந்தான்.
இருவருக்கும் பனிக்கட்டியில்தான் சோறு.

"அங்க போய் என்னதான் பாக்குற?"

யூரோப்பா என்று ஒரு நிலா, என்றேன்.
வியாழனுடையது.
மேலெல்லாம் பனி ஓடு,
ஓடு முழுக்க இரட்டை வரப்பு:
ஒரே வயலை இரண்டு பங்காளிகள்
நம்பிக்கையில்லாமல் பிரித்துக்கொண்டதுபோல
அருகருகே இரண்டு, நடுவே வாய்க்கால்.
யாரும் மிதித்ததில்லை.
அதன் குட்டி ஒன்று கிரீன்லாந்தில் கிடக்கிறது,
ஓர் ஆள் உயரத்தில்.
அதன் அடியில் ரேடாரை விட்டு
தண்ணீர் எங்கே தங்கி எங்கே உறைந்தது என்று கேட்கிறோம்.

இதற்கும் அதற்கும்
குறைந்தது அறுபது கோடி கிலோமீட்டர்.
'போல' என்ற ஈரெழுத்தைப் பிடித்துக்கொண்டுதான்
அத்தனை தூரமும் கடக்கிறோம்.
உவமை கையில், பொருள் வானத்தில்.
இலக்கண வகுப்பில் தூங்கியதற்கு
இந்த வயதில் தண்டனை.

"போலன்னு சொல்லித்தான்
போன வருஷம் ஒருத்தன்
சீலாவை வஞ்சிரம்னு வித்துட்டுப் போனான்."

பதில் இல்லை என்னிடம்.
என் கட்டுரையைத் திருத்தியவரும்
இதையேதான் கேட்டிருந்தார்,
மரியாதையாக,
பதினொரு கேள்விகளாக.

ஒன்று இருபதுக்குக் கரண்ட் போனது.
இருட்டில் உப்புத்தொட்டி மட்டும் எங்கோ சொட்டியது.
உப்பனாற்றின் பக்கமிருந்து
கொசுவும் சேற்று வாசனையும் வந்தன.
மூன்று மணிக்கு விளக்கு.
பாதி உறைந்த டின்களெல்லாம்
விட்ட இடத்திலிருந்து தொடங்கின.

காலையில் கிரேன் தூக்கி, முக்கி, கவிழ்க்க
ஒவ்வொன்றாய் வழுக்கி வந்தன.
ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவே வெள்ளை.
உறையும் தண்ணீர்
தனக்கு ஆகாததையெல்லாம் உள்ளே தள்ளிவிடும்:
காற்று, உப்பு, இந்த போர்வெல்லின் சுண்ணாம்பு.
ஏழாவது வரிசையில் ஒன்றின் தலை
நீளவாக்கில் பிளந்திருந்தது.
சுற்றிலும் இறுகிவிட
நடுவில் மாட்டிய தண்ணீர்
மேலே முட்டி வழிந்து உறைந்திருக்கிறது.
மண்டியிட்டு விரல் வைத்தேன்.
வரப்பு.
பள்ளம்.
வரப்பு.
நகத்தளவு.

கத்தத் தோன்றியது. கத்தவில்லை.
அங்கே காற்றில்லை,
நூற்றறுபது டிகிரி மைனஸ்.
மூன்றரை நாளுக்கு ஒருமுறை
வியாழன் அந்த நிலாவைப் பிசைந்து பிசைந்து விடுகிறது.
இங்கே பிசைந்தது மின்வாரியம்.
இது சாட்சியாகாது என்று
சத்தமாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை,
விரல் மரத்துப்போகும் வரை.

"கிரஷருக்கு விடவா?"
"இரு."
"வெயில் வருதுங்க மேடம்,"
வேண்டுமென்றே 'மேடம்' போட்டான்.

ஜூன் வெயில் கதவிடுக்கு வழியாக வந்தது.
இரண்டு வரப்பில் முதலில் இடப்பக்கம் போனது.
நான் எடுத்த போட்டோவில்
இருசப்பனின் செருப்பு பாதி விழுந்திருக்கிறது.
அளவுகோலுக்கு அது போதும்.

வெளியே சிங்காரத்தோப்பு ஆட்கள்
விசைப்படகுக்கு முன்கூட்டியே
ஐஸ் சொல்லிவைத்துக்கொண்டிருந்தார்கள்.
அவன் நோட்டைப் பிரித்தான்.
"ஒண்ணு சேதாரம். யார் கணக்கு?"
"என் கணக்கு."
கார்பன் வைத்து ரசீது கிழித்தான்.
கோணல் எழுத்து:

பார் – 1
விவரம்: பார்க்க.

பயணச்செலவுக் கோப்பில் அதையும் இணைத்தேன்.
இன்னும் பாஸ் ஆகவில்லை.